ஜெராக்ஸ் அக்கா கையைக் கட்டிக்கொண்ட கதை

ஜெராக்ஸ் அக்காவின் கைகளை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். விரல் நுனியெல்லாம் கறுப்பு மை. எந்தச் சோப்புக்கும் மசியாது. இருபது வருடமாக ஜெராக்ஸ் மிஷின் பழுது பார்க்கிற கை. மூடியைத் திறந்தால் போதும், கண் பார்ப்பதற்கு முன்னால் கை உள்ளே போய்விடும். அப்பேர்ப்பட்ட கையைத்தான் வாரத்துக்கு மூன்று நாள், பள்ளிக்கூடம் விட்டு ஒன்றரை மணி நேரம், முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். லேசுப்பட்ட காரியமா அது? சத்தியமாக என்னால் முடியாது.

ஆரம்பம் இப்படித்தான். பள்ளி அலுவலகத்து மிஷினைச் சரிசெய்யப் போனவரை, ஜன்னலில் தொற்றிக்கொண்டு ஏழெட்டுப் பிள்ளைகள் தலையைத் தின்றுவிட்டார்கள்.

"பேப்பர் உள்ள வந்துடுச்சுன்னு அதுக்கு எப்படிக்கா தெரியும்?" என்று கேட்டது ஒரு வாண்டு. எல்லோரும் சுண்டு என்று கூப்பிடுகிற ஆறாம் வகுப்புப் பெண்.

அக்கா ஒரு குட்டி சென்சாரைக் கழற்றிக் காட்டினார். "இதுதான் அதோட கண்ணு."

அவ்வளவுதான், அன்றோடு மாட்டிக்கொண்டார். தலைமை ஆசிரியையிடம் பேசி, உடைந்த பெஞ்சுகள் கிடந்த ஸ்டோர் ரூமைக் கேட்டு வாங்கினார். கழித்துப்போட்ட பிரிண்டர்களின் மோட்டாரையும் பல்சக்கரத்தையும் கொண்டுவந்து கொட்டினார். 'ரோபோ கிளப்' என்று அட்டையில் எழுதி மாட்டியும் விட்டார்.

முதல் வாரம் எல்லாவற்றையும் அவரேதான் செய்தார். வண்டி ஓடியது, பிள்ளைகள் கைதட்டினார்கள். வீட்டுக்குப் போனால், வெளியூரில் வேலை பார்க்கும் மகனிடமிருந்து போன். "அம்மா, டேபிள் ஃபேன் ஓடலம்மா. என்ன பண்றது?" மீசை முளைத்த பிள்ளை! பிளக் சரியாகச் செருகியிருக்கிறதா என்றுகூடப் பார்க்கவில்லை. சின்ன வயதில் பொம்மை உடைந்தால், அவன் அழுது முடிப்பதற்குள் ஒட்டிக் கொடுத்தது யார்? இவர்தான்.

"நான்தான்டா உன்னைக் கெடுத்தேன்" என்று போனை வைத்தவர், மறுநாளிலிருந்து கையைக் கட்டிக்கொண்டார். பிள்ளைகள் ஏதாவது கேட்டால் திருப்பி ஒரு கேள்வி கேட்பார். தொட மாட்டார்.

இரண்டு மாதம் போனது. கணக்கு வாத்தியார் அதே அறையைத் தனிவகுப்புக்குக் கேட்டு நச்சரித்தார். தலைமை ஆசிரியை கறாராகச் சொல்லிவிட்டார்: "பெற்றோர் கூட்டத்தன்னைக்கு ஏதாவது ஒண்ணு ஓட்டிக் காட்டுங்க. ஓடினா ரூம் உங்களுக்கு. இல்லைன்னா சாருக்கு. அப்புறம் என்கிட்ட வந்து நிக்கக் கூடாது."

அந்த ரூமும் போனால் அக்கா வேறு இடத்துக்கு எங்கே போவார்?

பிள்ளைகள் செய்தது, தரையில் ஒட்டிய கறுப்பு டேப்பை அதே மாதிரி குட்டி சென்சாரால் பார்த்துத் தானாகப் போகும் வண்டி. ஜன்னலில்லாத ஸ்டோர் ரூமில் தங்கமாக ஓடியது. கூட்டத்தன்று ஹாலில் நாலடி போனதும் கோட்டை விட்டு விலகி, முன்வரிசையில் இருந்த ஒரு அப்பாவின் செருப்பில் முட்டி நின்றது. மறுபடி விட்டார்கள். மறுபடி அதே செருப்பு. ஹாலே சிரித்தது. கணக்கு வாத்தியார் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

அக்காவுக்கு ஒரே நொடியில் புரிந்துவிட்டது. ஜன்னல் வழியாகத் தரையில் வெயில். வெயில் பட்டால் அந்தச் சென்சாருக்குக் கண் தெரியாது; மூடி திறந்த எத்தனை மிஷினில் பார்த்திருக்கிறார்! மேலே ஒரு துண்டு அட்டை ஒட்டினால் தீர்ந்தது. கை துடியாய்த் துடித்தது.

"நீங்களே கை வெச்சுடுங்களேன்" என்று காதோடு சொன்னார் தலைமை ஆசிரியை. அவருக்கே மனசு கேட்கவில்லை, பாவம்.

"வண்டி அவங்களோடது மேடம்."

ரூம் போனால் போகட்டும் என்று அவர் விட்டுவிட்டார் என்றா நினைக்கிறீர்கள்? ஐயோ, அந்த ரூம் அவருக்கு உயிர். இருந்தும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். என்ன மனுஷி அவர்!

பிள்ளைகள் பேட்டரியை மாற்றினார்கள், டேப்பைத் துடைத்தார்கள், ஒருத்தரையொருத்தர் திட்டிக்கொண்டார்கள். சுண்டு மட்டும் குனிந்து வண்டியோடு கூடவே நடந்து பார்த்தாள்.

"ஏய், இருங்க! என் நிழல் விழுந்தா நேரா போகுது!"

நோட்டுப் புத்தகத்தை விரித்து, ராஜாவுக்குக் குடை பிடிப்பதுபோல் வண்டிக்கு மேலே பிடித்துக்கொண்டாள். வண்டி கோடு பிசகாமல் ஹாலின் மறுகோடி வரை போனது.

"ரோபோவுக்குக் குடையா?" என்று சிரித்தார் தலைமை ஆசிரியை.

"வெயில்ல அதுக்குக் கண்ணு கூசுது மிஸ். நாளைக்கே தொப்பி போட்டு விட்டுடறோம்."

கைதட்டல் அடங்க நேரமானது. கணக்கு வாத்தியாரும் தட்டினார், சும்மா சொல்லக்கூடாது. தலைமை ஆசிரியை ஸ்டோர் ரூம் சாவியை அக்காவிடம் நீட்டினார். அக்கா கையை முன்னால் கொண்டுவரவே இல்லை.

"அவகிட்ட குடுங்க மேடம்."

சுண்டு சாவியை வாங்கிக்கொண்டு ஸ்டோர் ரூமுக்கு ஓடினாள், அக்கா பின்னாலேயே போனார். அந்தப் பூட்டு ஒரு சண்டிப் பூட்டு; சாவியைக் கொஞ்சம் வெளியே இழுத்துத்தான் திருப்ப வேண்டும். இப்படியும் அப்படியும் திருகிப் பார்த்துவிட்டு அவள் திரும்பினாள்.

"எப்படிக்கா திறக்கிறது?"

"எனக்கென்னடி தெரியும்?" என்றார், இரண்டு மாதமாக அதைத் திறந்து மூடிக்கொண்டிருந்த மகராசி.