டிக்கெட் யார் கையில்?

1. கேட்டில் முதல் பாடம்

விழுப்புரம் ஜங்ஷனில் டிக்கெட் கலெக்டராக நான் கேட்டில் நின்ற முதல் நாள், சீனியர் வரதப்பன் எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்றுதான்.

“தம்பி, பொம்பளைங்ககிட்ட கை நீட்டி டிக்கெட் கேக்காத. மரியாத இல்ல. கூட வர்ற ஆம்பளயக் கேளு. அவரு காட்டுவாரு. தலைய எண்ணிக்கினு உட்டுடு.”

ரூல் புத்தகத்தில் இது கிடையாது. ஆனால் ஜங்ஷன் முழுக்க இதுதான் ரூல். கூட்டம் கூட்டமாகப் பெண்கள் என்னைத் தாண்டிப் போனார்கள். ஒருத்தியின் குரலையும் நான் கேட்டதில்லை.

2. பட்டுத் துண்டு

இரண்டாவது உலக யுத்த காலம். பாண்டிச்சேரி வண்டிக்குப் பட்டுத் துண்டு போட்ட ஒரு ஆள் அடிக்கடி வருவான். ஒவ்வொரு தடவையும் கூட வேறு ஒரு பெண். “நம்ம சொந்தக்காரப் பொண்ணுங்க” என்று இரண்டு டிக்கெட்டையும் சேர்த்து நீட்டுவான். திரும்பும்போது தனியாகத்தான் வருவான். ஊருக்கே சொந்தக்காரன் போலிருக்கிறது! அவன் பெண்களை விற்கிற தரகன் என்பது பிளாட்பாரத்தில் டீ விற்பவருக்குக்கூடத் தெரியும். பாண்டிச்சேரி பிரெஞ்சு சர்க்கார் பூமி. எல்லை தாண்டிவிட்டால் நம் போலீஸின் அதிகாரம் செல்லாது.

ஒரு நாள் அவன் பின்னால் வந்த பெண்ணின் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. வழக்கத்தை மீறி அவளிடமே கேட்டேன்.

“எங்கம்மா போற?”

அவள் மிரண்டு போய் அவனைப் பார்த்தாள். பிறகு சொன்னாள். “தொர ஊட்டுல கொழந்த பாக்கற வேலங்க. எந்த ஊருன்னு இவருக்குத்தான் தெரியும்.”

பெயர் அஞ்சலை. திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் நடவு வேலை செய்கிற குடும்பம். புருஷனை இழந்தவள். மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டத்தில் இவன் பேச்சுக் கொடுத்திருக்கிறான்.

“அந்தம்மா டிக்கெட்டை அந்தம்மா கையில குடுய்யா” என்றேன். அவன் கொடுக்கவில்லை. நான் போலீஸைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டேன். வண்டி ஊதியது. இரண்டு டிக்கெட்டோடும் அவன் ஓடிப்போய் ஏறிக்கொண்டான்.

“பயப்படாதம்மா. நீ ஊருக்குப் போயிடலாம்” என்று அஞ்சலைக்கு வாக்குக் கொடுத்தேன்.

ஸ்டேஷன் ஏட்டு நிதானமாக வந்தார். அடுத்த ஸ்டேஷனுக்குத் தந்தி கொடுத்து அவனைப் பிடிக்கச் சொன்னேன்.

“அவன் பாசஞ்சரு சார். டிக்கெட் வச்சிக்கினு போறவன இன்னான்னு புடிக்கறது? இவகிட்டதான் டிக்கெட் இல்ல. மிலிட்டரி வண்டி வர்ற ஸ்டேஷன்ல நிக்கிற பொம்பளைங்கள வுடாதேன்னு எனக்கு ஆர்டரு.”

விபசாரத்தை ஒழிக்கச் சட்டம் வந்திருந்த காலம். பொது இடத்தில் ஆள் பிடிக்க நின்றாள் என்று அந்தச் சட்டத்தில் அவள்மேல் கேஸ் எழுதினார்.

3. திண்டிவனம் கோர்ட்

நடந்ததைச் சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று நம்பித்தான் திண்டிவனத்துக்குச் சாட்சி சொல்லப் போனேன். கேஸ் நடத்திய இன்ஸ்பெக்டர் என்னை வாய் திறக்க விடவில்லை.

“கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லும். வண்டி போன பிறகு இவள் பிளாட்பாரத்தில் நின்றாளா?”

“ஆமாம். ஆனால்...”

“டிக்கெட் இருந்ததா?”

“இல்லை. அது அந்த ஆள்கிட்ட...”

“அந்த ஆள் இந்தக் கேசில் இல்லை.”

மாஜிஸ்திரேட் தலை நிமிராமல் அபராதம் போட்டார். கட்ட வழியில்லாததால் அவள் ஜெயிலுக்குப் போனாள். நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. அந்த உண்மையை வைத்தே அவளைக் கட்டிப் போட்டார்கள்.

இப்போது வேலைக்கு வரும் பிள்ளைகள் சட்டம் கடுமையாக இருந்தால் போதும் என்கிறார்கள். கடுமைக்கு அன்றும் குறைச்சல் இல்லை, அப்பா. கேட்டில் நாங்கள் ஆணிடம் மட்டும் கேட்டோம். கோர்ட்டில் அவர்கள் பெண்ணை மட்டும் குற்றவாளியாக நிறுத்தினார்கள். விற்கிறவனையும் வாங்குகிறவனையும் கூண்டில் ஏற்றி, அவளைச் சாட்சியாக உட்கார வைத்துக் கேட்கிற சட்டம்தான் வேண்டும். நான் கற்ற பாடம் இவ்வளவுதான்.

4. அதே கேட்

சில மாதம் கழித்து, பாண்டிச்சேரி வண்டி நேரத்தில் அஞ்சலை வந்தாள். கூட யாரும் இல்லை.

“ஊருக்குப் போகலியாம்மா?”

“போனங்க. எங்கப்பன் ஊட்டுல சேக்கல. நீ அப்பிடிப்பட்டவன்னு கோர்ட்டே சொல்லிடுச்சே, நான் இன்னா பண்றதுன்னாரு.”

“பாண்டிச்சேரி போனா இன்னா ஆவும்னு தெரியுமில்ல?”

“தெரியுங்க. அன்னிக்குத்தான் தெரியாது.”

ஏற்கெனவே ஒரு தடவை வாக்குக் கொடுத்தவன் நான்; இன்னொன்று எப்படிக் கொடுப்பது? என் பின்னால் ஏட்டு வெற்றிலை மென்றுகொண்டு நின்றார். அவளைப் பார்த்தார், பிடிக்க வரவில்லை. இப்போது அவள் பாசஞ்சர் அல்லவா!

“இந்த வாட்டி டிக்கெட்டு என் கையிலதான் கீதுங்க” என்று நீட்டினாள்.

வாங்கி ஓட்டை போட்டுக் கொடுத்தேன்.