இடைவேளையில் போன கோட்டு

சுவிஸின் பாசல் நகரில் நான் செய்த முதல் வேலை கோட்டு வாங்கி மாட்டுவது. யாழ்ப்பாணத்தில் பாலம், கட்டடங்களுக்குப் படவரைஞராகப் பயின்று சான்றிதழோடு வந்தவளுக்கு, அகதி விண்ணப்பம் முடியும்வரை அதுதான் கிடைத்தது. நகரத்து ஓப்பரா அரங்கின் வாசலில் நீளமான மேசை, பின்னால் வரிசையாகக் கொக்கிகள், கொக்கிக்கு ஒரு எண் பொறித்த பித்தளை வில்லை. கோட்டை வாங்கி வில்லையைக் கொடுப்பேன். வில்லையை வாங்கிக் கோட்டைக் கொடுப்பேன். என்னோடு நின்ற அக்கா ஊரில் தையல் ரீச்சர். கோட்டின் உட்துணியைத் தடவிப் பார்த்தே ஆளின் குணத்தைச் சொல்லிவிடுவார்.

மேடையில் நடப்பது சுவரிலிருந்த ஒலிபெருக்கியில் எங்களுக்குக் கேட்கும். இடைவேளைக்கு முன் ஆயத்தமாக நிற்பதற்காக அதை வைத்திருந்தார்கள். எங்கள் ரசனைக்காக அல்ல.

எண்பதுகளின் நடுவில் அந்த அரங்கை ஒரு சொப்ரானோ ஆண்டார். பெண்குரல்களில் ஆக உயர்ந்தது சொப்ரானோ. முக்கியமான வேடமெல்லாம் அவருக்குத்தான். வாசலில் ஒரு கண்ணாடிப் பெட்டியில் அவரைப் பற்றிய பத்திரிகைத் துண்டுகளை ஒட்டி வைத்திருந்தார்கள். சனம் வருமுன் அவற்றை வாசித்துத்தான் நான் ஜெர்மன் பழகினேன். வெள்ளி, பட்டு, ஆழம், ஒளி, ஆன்மா: இந்த ஐந்தும் எனக்கு மிக விரைவில் வந்துவிட்டன, ஏனென்றால் வேறு சொற்களே அங்கே இல்லை. எந்த இடத்தில் குரல் தளம்பியது, எந்த இடத்தில் வாத்தியத்தை முந்தியது, ஒருவரும் எழுதவில்லை. ஒரு பாலத்தைப் பார்த்துவிட்டு நான் இப்படி அறிக்கை எழுதியிருந்தால் என் விரிவுரையாளர் தாளை முகத்தில் எறிந்திருப்பார்.

அந்தத் துண்டுகளில் பெரும்பாலானவற்றை எழுதியவர் ஒரே ஆள். பச்சைக் கம்பளிக் கோட்டு, கழுத்தில் பட்டுத் துணி. இடைவேளை மணி அடித்ததும் முதலில் எங்கள் மேசைக்கு வருவார், வில்லையை வைப்பார், கோட்டைப் போட்டுக்கொண்டு ட்ராமுக்குப் போய்விடுவார். கடைசி அங்கத்தை அவர் கேட்டு நான் பார்த்ததில்லை. விமர்சனத்தில் மட்டும் கடைசி அங்கம் விரிவாக இருக்கும்.

முதலில் நான் அவருக்காக நியாயம் தேடினேன். பத்திரிகை அச்சுக்குப் போக வேண்டும், அதனால் ஓடுகிறார் என்று நினைத்தேன். ஆனால் விமர்சனம் வருவது இரண்டு நாள் கழித்து. அவரை அச்சு விரட்டவில்லை. வீட்டுக்குப் போக விரும்பினார், அவ்வளவுதான்.

"உவருக்கு மிச்சக் கதையை ஆர் சொல்லுறது?" என்றார் அக்கா ஒருநாள்.

"கதை தெரிஞ்சதுதானே அக்கா. கடைசியிலை பொம்பிளை செத்துப்போவாள்."

"அப்ப முழுதையும் வீட்டிலை இருந்தே எழுதலாமே. அந்தப் பாரக் கோட்டைத் தூக்கிற வேலையாவது எனக்கு மிச்சம்."

அந்தக் குளிர்காலத்தில் ஒரு மாலை, வழமைபோல இடைவேளையில் பச்சைக் கோட்டு போனது. அது போன பிறகு, ஒலிபெருக்கியில் ஒரு ஆண்குரல் மன்னிப்புக் கேட்டது. சொப்ரானோவுக்குத் தொண்டை கட்டிவிட்டதாம். கடைசி அங்கத்தில் அவருடைய வேடத்தைக் கூட்டுப்பாடகர் குழுவிலிருந்து ஒருவர் பாடுவார்.

அந்த ஒருவரை எங்களுக்குத் தெரியும். போலந்துக்காரி. திரை எழும்புமுன் எங்கள் மேசைக்குப் பக்கத்து ஹீற்றரில் கை சூடாக்க வருவாள். அவளுக்கும் எனக்கும் சொந்தமில்லாத ஜெர்மனில் இருவரும் கதைப்போம். அந்தப் பருவத்தோடு அவளுடைய ஒப்பந்தம் முடிந்தது. ஒப்பந்தம் இல்லாவிட்டால் பெர்மிட் இல்லை, பெர்மிட் இல்லாவிட்டால் இந்த நாடு இல்லை. இதை எனக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

அவள் பாடத் தொடங்கினாள். முதல் வரியின் முடிவில் மூச்சுப் போதவில்லை. அதற்குப் பிறகு போதுமாயிருந்தது. அக்கா ஒரு குடையை மடிக்க எடுத்தவர், அதை மடிக்காமலே நின்றார்.

இரண்டு நாளில் விமர்சனம் வந்தது. சொப்ரானோவின் பெயர் தலைப்பிலேயே இருந்தது. கடைசி அங்கத்தில்தான் அவர் தன் கலையின் உச்சத்தைத் தொட்டாராம். வலியைத் தாண்டி ஒளியான குரலாம்.

போலந்துக்காரி பத்திரிகையோடு எங்கள் மேசைக்கு வந்தாள். கை சூடாக்கவில்லை.

"அரங்கு அலுவலகத்திலை காட்டினனான்," என்றாள். "நான் பாடினது தங்களுக்குத் தெரியுமாம். ஆனால் எப்பிடிப் பாடினனான் எண்டதைப் பத்திரிகைதான் சொல்லவேணுமாம். நல்ல விமர்சனம் ஒண்டு இருந்தால் ஒப்பந்தத்தைப் பற்றி யோசிக்கலாமாம்."

"அவையும் உள்ளுக்குத்தானே இருந்தவை?" என்று கேட்டேன்.

"ஓம். முன்வரிசையிலை."

"காது வைச்சிருக்கிறது தோடு போடவோ?" என்று அக்கா தமிழில் கேட்டார். நான் அதை மொழிபெயர்க்கவில்லை.

மறுநாள் நானும் அவளோடு பத்திரிகை அலுவலகத்துக்குப் போனேன். கோட்டைக் கொடுத்தவள் நான் என்பதால் என் வார்த்தை உதவும் என்று நினைத்தாள். ஆசிரியர் எங்களை இருக்கச் சொல்லவில்லை. விமர்சகர் இடைவேளையில் போனதை நான் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "எங்கள் விமர்சகர் நெடுங்காலம் எழுதுகிறவர். அவருடைய தீர்ப்பு ஒரு மாலையைப் பொறுத்ததல்ல" என்றார். அப்படி ஒரு வசனத்தைச் சிரிக்காமல் சொல்வதற்கும் பயிற்சி வேண்டும். பாடியவர் வேறு என்பதை மட்டும் திருத்திப் போடுவதாக ஒப்புக்கொண்டார்.

திருத்தம் காணாமற்போன நாய்களுக்கும் தேவாலய நேரங்களுக்கும் நடுவில் வந்தது. "விமர்சனத்தில் பாராட்டப்பட்ட கடைசி அங்கத்தைப் பாடியவர் கூட்டுப்பாடகர் குழுவைச் சேர்ந்த ஒருவர். எமது மதிப்பீட்டில் மாற்றமில்லை." பெயர் இல்லை.

அவள் அதைக் கசக்கப் போனாள்.

"பொறுங்கோ," என்றேன். "அவசரப்பட்டுக் கசக்காதேங்கோ. விமர்சனத்தையும் கொண்டுவாங்கோ."

வீட்டில் வரைபலகையை வைத்தேன். ஊரில் படித்த தொழிலுக்கு ஐரோப்பாவில் எனக்குக் கிடைத்த முதல் வேலை அது. விமர்சனத்தில் கடைசி அங்கத்தைப் பற்றிய பந்தியை மட்டும் வெட்டினேன். அதில் பெயர் இல்லை, 'அவர்' மட்டும்தான். அதன் கீழே திருத்தத்தை ஒட்டினேன். விளிம்புகளை நேராக்கி, மேலே அவளுடைய பெயரையும் நாளையும் மையால் எழுதினேன். பொய் என்று எதுவும் இல்லை. கடைசி அங்கம் ஒளி. அதைப் பாடியவர் குழுவில் ஒருவர். மதிப்பீட்டில் மாற்றமில்லை. விமர்சகர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பாடப்பட்ட பாட்டுக்கு, அவரே தந்த சான்றிதழ்.

போட்டோக்கொப்பியை அவள் அரங்கு அலுவலகத்துக்குக் கொண்டுபோனாள். அங்கே இருந்தவர் அதை இரண்டு தரம் வாசித்து, "பாரமான வசனம்" என்றாராம். ஒப்பந்தம் நீண்டது. முன்வரிசையில் இருந்து தானே கேட்டதை அவர் கடைசிவரை ஒரு சாட்சியாக எடுக்கவில்லை.

சேதி சொல்ல வந்தவள் ஹீற்றரில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்: "நீங்கள் கேட்டனீங்கள்தானே. உண்மையிலை எப்பிடி இருந்தது?"

"முதல் வரியிலை மூச்சுக் காணாது. உயரத்துக்கு ஏறேக்கை கொஞ்சம் இறுக்கிப் பிடிச்சீங்கள். பிறகு விட்டிட்டீங்கள், அதுக்குப் பிறகு நல்லாயிருந்தது. அக்கா குடையை மடிக்க மறந்திட்டா."

"பயம்," என்றாள். "மூச்சு அதாலைதான். இதை ஒருத்தரும் எழுதேல்லைப் பாருங்கோ."

"எழுதியிருந்தால் பெர்மிட் வந்திராது."

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை, வரிசையில் ஆட்கள் நின்றார்கள்.

அடுத்த பருவத்து நிகழ்ச்சிப் புத்தகத்தில் பாடகர்களின் வாழ்க்கைக் குறிப்புகள் வந்தன. முன்பக்கத்தில், பெரிய படத்தின் கீழே, சொப்ரானோ: வலியைத் தாண்டி ஒளியான குரல். பின்பக்கத்தில், படமில்லாமல், போலந்துக்காரி: வலியைத் தாண்டி ஒளியான குரல். பதிப்பித்தவர் பார்க்கவில்லை. வாங்கியவர்கள் பார்க்கவில்லை. சொப்ரானோ தன் பக்கத்தைத் தாண்டிப் புரட்டியிருக்க மாட்டார்.

முதல் நாள் இடைவேளையில் பச்சைக் கோட்டுக்காரர் வந்தார். கையில் அந்தப் புத்தகம். வில்லையை வைத்துவிட்டு, நான் கோட்டை எடுக்கும்வரை பக்கங்களைப் புரட்டினார். முன்பக்கத்தில் கொஞ்சம் நின்றார், பின்பக்கத்தில் கொஞ்சம் நின்றார். முகத்தில் திருப்தி தெரிந்தது. தன் வசனம் இரண்டு இடத்தில் அச்சாகியிருப்பதைப் பார்த்த ஆளின் திருப்தி. பிறகு புத்தகத்தைக் கோட்டுப் பையில் செருகிக்கொண்டு ட்ராமுக்குப் போனார்.

"உந்தாளின்ரை கோட்டை இனி ஆக முன்னுக்கே மாட்டு பிள்ளை," என்றார் அக்கா. "கடைசிவரை இருந்து கேக்கிறவையின்ரை கோட்டுக்குத்தான் பின்னாலை இடம் வேணும்."