சனிக்கு ஒரு மூக்கு

சனிக்கோளின் காற்றுமண்டலத்துக்குள் இறங்கப்போகும் ஒரு கலத்தை வடிவமைக்கும் குழுவில் இருக்கிறேன். பெங்களூரில் வேலை. கலம் இன்னும் காகிதத்தில்தான் இருக்கிறது. ஒப்புதல் கிடைத்து, கட்டி முடித்து, அது போய்ச் சேரும்போது எனக்குத் தலை நரைத்திருக்கும். பாராசூட்டில் தொங்கியபடி மேகங்களுக்குள் இறங்கும். எந்தெந்த வாயு எவ்வளவு என்று ஒரு கருவி சொல்லிக்கொண்டே வரும். பிறகு அழுத்தத்தில் எல்லாமே நசுங்கிவிடும். அந்தக் கருவிதான் என் பொறுப்பு.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். வேலையைப் பற்றி எதுவானாலும் வாயால்தான் சொல்லியாக வேண்டும். போன மாதம் சென்னையில் காசிமேட்டு வீட்டுக்குப் போனபோது, சனியின் வாயுக்களை மோந்து பார்க்கும் மிஷின் ஒன்று செய்கிறேன் என்று சொன்னேன்.

"போயும் போயும் சனிகிட்டயாடா? வேற எடமே கெடைக்கலியா?" என்றாள் அம்மா.

"ஊர்ல எல்லாரையும் அது புடிக்கும். இவன் போயி அத்த புடிக்கிறான்" என்றார் அப்பா.

அவருக்கு மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய ஐஸ் கம்பெனியில் வேலை. தண்ணீரை உறைய வைக்க அங்கே குழாய்களில் அம்மோனியா ஓடும். நான் படித்த காலமெல்லாம் அவர் சட்டையில் அந்த நெடி இருந்தது. சனியின் மேல் மேகங்களும் அம்மோனியாப் பனிதான் என்று அவரிடம் சொல்ல எனக்கு அவ்வளவு ஆசை.

"அங்கயும் ஐஸ் கம்பெனியா? ஓனரு யாரு?" என்று சிரித்தார்.

ஆனால் தெருவில் அன்று அவர் கதைதான் பெரிசு. முந்தின வாரம் குழாய் லேசாகக் கசிந்ததில் எல்லாரும் ஈரத் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு வெளியே ஓட, அவர் மட்டும் உள்ளேயே ஐஸ் பாரைத் தள்ளிக்கொண்டிருந்தாராம். "இன்னா தில்லு மாமு ஒனக்கு!" என்று போகிறவர் வருகிறவரெல்லாம் முதுகில் தட்டினார்கள்.

சாயங்காலம் மொட்டைமாடியில் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சனிக்கு செய்றியே, அந்த மிஷினு மாதிரி எனக்கு ஒன்னு செஞ்சு குடேன்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"தில்லும் இல்ல, ஒன்னும் இல்ல. எனக்குத் தெரியவே இல்லடா. மூக்கு செத்துப் போயி வருசமாவுது. இனிமே வராதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. அம்மாவாண்ட சொல்லாத."

நெடி தெரியாமல் அங்கே நிற்பது ஆபத்து, வெளியே லோடு ஏற்றும் வேலைக்கு மாற்றச் சொல்லி ஓனரிடம் நாளைக்கே பேசலாம் என்றேன்.

"பேசலாம் நைனா. வேல கெடக்குது, வுடு" என்றார். கீழே எண்ணெய் சடசடத்தது. "இன்னா செய்றா அவ?"

"நெத்திலி வறுக்குறாங்க."

"அது சத்தத்துலயே தெரிது. வாசன எப்டி கீது?"

சொல்லப் பார்த்தேன். மிளகாய், பூண்டு, ஓரத்தில் கருகப்போகிற மாதிரி ஏதோ ஒன்று. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"அப்புறம்?" என்றார்.