புழு செத்துப்போச்சு

பல்கலைக்கழகத்தில் அவருக்கு மண்புழு என்று பெயர். ஆறு வருஷமாக மண்புழுவையே ஆராய்கிறவரை வேறெப்படிக் கூப்பிடுவது? பள்ளிக்கூட வாத்தியார் வேலையை விட்டுவிட்டு, முப்பத்தைந்து வயதில் ஆராய்ச்சிக்கு வந்தவர். சோதனைக்கூடத்தில் பதினெட்டுத் தொட்டிகள். ஒவ்வொன்றிலும் உப்பின் அளவு வேறு. கண்டுபிடித்தது இதுதான்: உப்பு இத்தனை கிராமைத் தாண்டினால் புழு செத்துப்போகும். அதை அப்படியே ஆங்கிலத்தில் எழுதி நெறியாளரிடம் நீட்டினார்.

நெறியாளர் நாலு பக்கம் புரட்டினார். "என்னங்க இது, எல்லாமே புரியுது?"

"புரியணும்னுதான் சார் எழுதினேன்."

"இதை யாரு ஆய்வேடுன்னு ஒத்துக்குவாங்க? மொழித்திறன் மையத்துல போய்ச் சேருங்க."

மையம் நூலகத்து மாடியில் இருந்தது. மின்விசிறியைப் போட்டால் பேச்சு கேட்காது, போடாவிட்டால் உட்கார முடியாது. பயிற்றுநர் அம்மா முதல் நாளே 'நான்' என்ற சொல்லுக்குத் தடை போட்டார். புழுவைத் தொட்டியில் விட்டேன் என்று எழுதக் கூடாதாம்; விடப்பட்டது என்று எழுத வேண்டுமாம். ஆறு வருஷம் தொட்டிக்கு முன்னால் குனிந்து நின்ற மனிதர், ஒரே வாரத்தில் தன் ஆராய்ச்சியிலிருந்தே காணாமல் போனார். நாலு மாதத்தில், புழு செத்த சேதி முக்கால் பக்கத்துக்கு ஒரே வாக்கியமாக வளர்ந்துவிட்டது. பயிற்றுநர் அம்மாவுக்கு ஏகப்பட்ட திருப்தி.

மனைவி மருத்துவமனையில் மருந்தாளுநர். டாக்டர்கள் கையெழுத்தையே படிப்பவர். அந்த வாக்கியத்தை இரண்டு தடவை படித்தார்.

"ஏங்க, புழு உயிரோட இருக்கா இல்லையா?"

"இது ஆய்வு ஆங்கிலம். உனக்குப் புரியாது."

"உங்களுக்குப் புரியுதா?"

அவர் சட்டைக்கு இஸ்திரி போடப் போய்விட்டார்.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர் வந்திருந்தார். மண்புழு எழுந்து அந்த வாக்கியத்தைச் சொல்ல ஆரம்பித்தார். பாதி வழியில் வினைச்சொல் எங்கே போனதென்று தெரியவில்லை. பேராசிரியர் பொறுத்துப் பார்த்துவிட்டு, "சரி, புழுவெல்லாம் என்ன ஆச்சு?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"செத்துப்போச்சு சார். நான்தான் உப்பு கூடப் போட்டேன். கஷ்டமா இருந்தது." எல்லாம் ஆங்கிலத்தில்தான், மூன்றே சின்ன வாக்கியம்.

"காலையிலேர்ந்து எனக்குப் புரிஞ்சது இதுதான். இப்படியே எழுதியிருக்கலாமே?"

மண்புழு வாயைத் திறக்குமுன் நெறியாளர் முந்திக்கொண்டார். "நானும் அதைத்தான் சார் ஆறு வருஷமா சொல்லிட்டிருக்கேன்."

திருத்தி எழுத மூன்று மாதம் கொடுத்தார்கள். மனைவி வேலை முடிந்து வந்து எதிரில் உட்காருவார். 'அளக்கப்பட்டது' என்று வந்தால், "யாரு அளந்தது?" என்பார். "நான்தான்." "அப்ப அப்படி எழுதுங்க." மூன்றே வாரத்தில் வேலை முடிந்தது, பட்டமும் வந்தது.

ஆய்வேட்டின் நன்றியுரையில் யாருக்குப் பின் யார் என்று பல்கலைக்கழகமே விதி வைத்திருந்தது. நெறியாளருக்கு முதலிடம். மனைவி ஐந்தாவதாக வந்தார், தொட்டிகள் வாங்கிய கடைக்காரருக்குச் சற்று முன்னால்.