நான் கழற்றிய எர்த் கம்பி

மாரியாயியின் வலக்கை என்னால்தான் போயிற்று. விசாரணையில் நான் தோட்ட நிர்வாகி துரையிடம் சொன்னது பொய்!

எழுபதுகளில் இலங்கை மலையகத்தில், டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் தொழிற்சாலையில் நான் மின்வேலை பார்த்தேன். தேயிலை உலர்த்தும் அடுப்புக்கு உலை எண்ணெய் எரித்தோம். பனிக்காலத்தில் அது குழாய்க்குள் பாகாக இறுகிவிடும். ஆகவே குழாய் நெடுகிலும் மின்கம்பி சுற்றிச் சூடேற்றினோம்.

மழையில் நனைந்து வேலைக்கு வரும் பெண்கள் அந்தக் குழாயில்தான் தங்கள் கம்பளியைக் காயப்போடுவார்கள். என் சட்டையும் அங்கேதான் காயும். யாரும் யாரையும் தடுத்ததில்லை.

அன்று சுற்றுக்கம்பியின் உறை எங்கோ விட்டுப்போய், பியூஸ் எரிந்துகொண்டே இருந்தது. அடுப்பு அணைந்தது. அரைத்த கொழுந்து கெட்டுக்கொண்டிருந்தது. குழாய்க்கு வைத்தியம் தெரியாதவனுக்குச் சட்டைப்பையில் டெஸ்டர் எதற்கு என்று தொழிற்சாலைப் பொறுப்பிலிருந்த டீமேக்கர் ஐயா எல்லோர் முன்பும் கேட்டார். சிரித்தார்கள்.

நான் பழுதைத் தேடவில்லை. குழாயின் எர்த் கம்பியைக் கழற்றினேன்.

கசிந்த மின்சாரம் மண்ணுக்குப் போக வழியில்லை. பியூஸ் எரிவது நின்றது, எண்ணெய் ஓடியது. ஆனால் குழாயைத் தொடுகிறவர் கதி? தெரியும்... தெரிந்துதான் செய்தேன்! கொழுந்து முடிந்ததும் சரிசெய்யலாம் என்று தேநீர் குடிக்கப் போனேன்.

அந்தப் பெண்களில் ஒருத்தியான மாரியாயி வெறுங்காலோடு, ஈரக் கம்பளியோடு வந்திருக்கிறாள்.

சத்தம் கேட்டு ஓடிவந்து மெயின் சுவிட்சை அணைத்தேன். அவளைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? எர்த் கம்பியை மறுபடி பூட்டினேன்... கச்சிதமாக, இருந்த இடத்திலேயே.

கம்பளி போடாதே என்று பலமுறை எச்சரித்தேன், ஈரக் கம்பளியால்தான் மின்சாரம் பாய்ந்தது என்று துரையிடம் சொன்னேன். நம்பினார். கருகிய கையை மணிக்கட்டோடு எடுத்தார்கள். தோட்டத்து வேலைப் பதிவிலிருந்து அவள் பேரை வெட்டினார்கள்.

இரு அரசுகளின் ஒப்பந்தப்படி அவள் குடும்பம் இந்தியாவுக்குத் திரும்பிப்போகப் பதிந்திருந்தது. கப்பலுக்குப் புறப்படுமுன் என் வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணே, நீங்க வேணாம்னு சொன்னீங்களாம். எனக்கு ஒண்ணும் நெனவில்ல. பேச்சக் கேக்காம ஒங்களயும் துரைகிட்ட நிக்க வச்சுட்டேன். மன்னிச்சிருங்க."

இப்போதாவது சொல்லியிருக்கலாமே! வாய் திறந்தது.

"பரவாயில்ல, போயிட்டு வா" என்றேன்.

கேட்டீர்களா? நான் அவளை மன்னித்தேன்...

அக்கரையில் ஏதோ ஒரு முகாமில் இடக்கையால் சோறு பிசைந்துகொண்டு, தன் தவறுதான் என்று இன்னும் நம்பிக்கொண்டிருப்பாள்.