சொந்த மசோதாவை எதிர்த்த ஹாலிஸ் பீல்

மெய்ன் மாநிலத்தின் டார்பெல் துறையில் மத்தி மீன் பிடித்துப் பிழைத்தவர் ஹாலிஸ் பீல். அவர் மகள் எஃபி ஏழு வயதில், நானும் வேலை பார்த்த, மீனை டப்பாவில் அடைக்கும் எங்கள் ஊர் ஆலையில் மீன் தலை வெட்டப் போனாள். கத்தி வழுக்கி இரண்டு விரல்கள் போயின. முதலாளி பிராட் கட்டுத் துணி கொடுத்ததோடு சரி. ஹாலிஸ் படகைத் தம்பியிடம் விட்டுவிட்டுத் தேர்தலில் நின்றார். 1910-ல் ஜெயித்துத் தலைநகர் அகஸ்டாவுக்குச் சட்டமன்றம் போனார்.

பதினான்கு வயதுக்குக் கீழே யாரும் ஆலையில் வேலை செய்யக்கூடாது என்று மசோதா கொண்டுவந்தார். குளிர்காலம் முழுக்கப் போராடினார். அவர் உள்ளே நுழைந்தால் மீன் நாற்றம் என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு, "பீல் வந்துட்டாரு, ஜன்னலத் தெறங்கப்பா" என்று மற்ற உறுப்பினர்கள் சிரித்தார்களாம். கடைசி நாளில் ஆலை முதலாளிகளுக்காக அவர்கள் அதில் ஒரு வரியைச் செருகினார்கள்: அழுகும் பண்டங்களைப் பதப்படுத்தும் ஆலைகளுக்கு இது பொருந்தாது. மீன் அழுகுமே. குழந்தைகள் எக்கேடு கெட்டால் என்ன? ஹாலிஸ் எழுந்து, தான் கொண்டுவந்த மசோதாவையே எதிர்த்து ஓட்டுப் போட்டார். அது அப்படியே நிறைவேறியது.

அடுத்த தேர்தலில் பிராட் வீட்டுக்கு வீடு நோட்டீஸ் கொடுத்தான். என் புருஷன் லியாண்டர் அதை எழுத்துக்கூட்டிப் படித்தான்.

"புள்ளைங்கள காப்பாத்துற சட்டத்தை ஹாலிஸ் எதுத்திருக்கான்டி. அச்சுலயே போட்டிருக்கு."

"அச்சடிச்சது யாரு?"

"யாரா இருந்தா என்ன? எதுத்தானா இல்லையா?"

"அந்தச் சட்டம் வந்தப்புறமும் நம்ம சின்னப் பொண்ணு ஐடா ஆலையில கத்தியோடதான நிக்கிறா. அது உன் கண்ணுக்குத் தெரியலையா?"

"அவ கூலி இல்லாம அடுப்பு எரியுமா? ஓட்டு எனக்குத்தான, உனக்கா?"

உண்மைதான். பெண்களுக்கு அப்போது ஓட்டு கிடையாது. ஹாலிஸ் தோற்றார். மறுநாள் நான் ஐடாவின் கையிலிருந்த கத்தியைப் பிடுங்கி மேஜையில் எறிந்து, அவளை இழுத்துக்கொண்டு ஆலையை விட்டு வெளியேறினேன். நானும் திரும்பிப் போகவில்லை.

படகுத்துறையில் ஹாலிஸைப் பார்த்தபோது, "மறுபடி நிப்பீங்களா?" என்று கேட்டேன்.

"நிப்பேன்மா. அந்த ஒரு வரியை அடிக்காம விடமாட்டேன்."

நின்றார், தோற்றார், மறுபடி நின்றார், மறுபடியும் தோற்கடித்தார்கள். 1918 விஷக்காய்ச்சலில் செத்துப்போனார். சவப்பெட்டியைச் சுமக்க லியாண்டர் தோள் கொடுத்தான். "நல்ல மனுசன்" என்று வழியெல்லாம் அழுதான். எனக்கு அவன் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. எஃபியின் கையைப் பிடித்துக்கொண்டு வேறு வழியாகக் கல்லறைக்கு நடந்தேன்.