உப்பு பூத்த பின்னறை

சிஸ்டர் அந்தச் சுவரில் கை வைத்ததுதான் எப்போதும் முதலில் நினைவுக்கு வருகிறது. உள்ளங்கையை வைக்கவில்லை, புறங்கையை வைத்தார். காய்ச்சல்காரரின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுபோல மேலே ஒரு இடம், நடுவில் ஒரு இடம், தரைக்குச் சற்று மேலே ஒரு இடம். நான் இரண்டடி தள்ளி பெயிண்ட் வாளியோடு நின்றிருந்தேன். சுவர் குளிர்ந்து, காய்ந்து, வழவழப்பாக இருந்தது. அப்படி இருக்கும்படி செய்தவன் நான்.

துபாயில் மரங்கள் அடர்ந்த ஒரு குடியிருப்பில் விற்பனைக்கு வந்த வீடு அது. எட்டு வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி ஒரே வரிசையில் நிற்கும். தட்டையான கூரை, வாசலுக்கு மேல் நீண்ட கான்கிரீட் பலகை, தரையிலிருந்து மேல்வரை கண்ணாடி, மாடிப்படிக்குப் பக்கத்தில் துளைக்கல் வைத்த சுவர். இது அந்தக் காலத்துப் பாணி, இப்போது யாரும் இப்படிக் கட்டுவதில்லை என்று ஏஜென்ட் வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்வான். தெரு முழுக்க வேம்பும் காகிதப்பூவும். அல் குசைஸ் தொழிலாளர் கேம்ப்பிலிருந்து கம்பெனி வண்டியில் போய் இறங்கும் எங்களுக்கு அங்கே காற்றே வேறாக இருக்கும்.

அந்தப் பச்சைதான் வீட்டுக்குக் கேடு. பின்பக்கத்துக்காரர்கள் தங்கள் செடிவேலிக்குத் தினமும் குழாயைத் திறந்துவிடுவார்கள். அந்த ஈரம் மண்ணோடு வந்து, அடித்தளத்தில் ஏறி, கீழ்த்தளத்துப் பின்னறைச் சுவரில் இடுப்பளவுக்கு உப்பாகப் பூத்திருந்தது. பெயிண்ட் கொப்பளித்து, விரல் வைத்தால் மாவாக உதிர்ந்தது. நான் குமரி மாவட்டக் கடற்கரையில் பிறந்தவன். உப்புச் சுவரைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மேலே எதைப் பூசினாலும் அது ஒருநாள் வெளியே வரும்.

இங்கே எல்லோரும் ஒருவரையொருவர் பாய் என்றுதான் கூப்பிடுவோம். எங்கள் ஃபோர்மேன் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “பாய், நீ பெயிண்டர். டாக்டர் இல்ல. சுவரு சுவர் மாதிரி தெரியணும், அவ்வளவுதான். ஜல்தி முடி, நாளான்னைக்கு பார்ட்டி வருது.” சுரண்டினேன். ஈரத்தை உள்ளேயே அடைக்கிற எண்ணெய் கலந்த சீலர் அடித்தேன். பட்டி பார்த்து, தேய்த்து, இரண்டு கோட் வெள்ளை அடித்தேன். இரண்டு நாள் ஏசியை நிறுத்தாமல் ஓடவிட்டார்கள். ஆள் வருவதற்கு அரைமணி நேரம் முன்னால் ஃபோர்மேன் அந்த அறையில் பக்கூர் என்கிற வாசனைக் கட்டையைப் புகைய விட்டார். வீடு காட்டும்போது அரபிக்காரர்கள் வீட்டு வாசனை வந்தால் யாரும் ஈர வாசனையைத் தேடமாட்டார்கள். இங்கே வேலை செய்கிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அது.

வந்து இறங்கியது சிஸ்டர். அதற்கு இரண்டு வருடம் முன்பு என் கண்ணில் சுண்ணாம்புத் துகள் விழுந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது அரைமணி நேரம் உட்கார்ந்து கண்ணைக் கழுவிவிட்ட நர்ஸ். வலியில் நான் இமையை இறுக்கிக்கொண்டே இருந்தேன். “கண்ண மூடாதீங்கண்ணே. நான் பாக்கதுக்கு அவ்வளவு மோசமாவா இருக்கேன்?” என்றார். பேச்சைக் கேட்டதும் எங்கள் பக்கத்துக்காரர் என்று தெரிந்துவிட்டது. எந்த ஊர் என்று கேட்கக்கூட எனக்குக் கூச்சம். அவரே கேட்டுத் தெரிந்துகொண்டார். என் கடற்கரையிலிருந்து நாலாவது கடற்கரை அவருடையது. பார்வை போகாமல் தப்பியது அவர் பொறுமையால்தான் என்று டாக்டர் சொன்னார்.

வீட்டைப் பார்க்க வந்த அன்று தனியாகத்தான் வந்திருந்தார். கணவருக்குத் தொலைவில் ருவைஸில் பிளான்ட் வேலை, வாரக் கடைசியில்தான் வருவார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. “அண்ணே, நீங்களா! கண்ணு எப்படி இருக்கு?” என்றார். மாடியெல்லாம் சுற்றிவிட்டுப் பின்னறைக்கு வந்தார். ஜன்னலுக்கு வெளியே வேப்பங்கிளை ஆடிக்கொண்டிருந்தது. அது மகளுக்கான அறை என்று அப்போதே முடிவு செய்துவிட்டார். அதன்பிறகுதான் சுவரில் புறங்கையை வைத்தார்.

ஏஜென்ட் போன் பேச வெளியே போன நேரம் பார்த்து என் பக்கம் திரும்பினார். “அண்ணே, பிள்ளைக்கு வீசிங் உண்டு. ஈரம் கண்டா இழுத்துக்கிடும். அவன் ஏஜென்ட், அவன் சொல்றத நான் நம்பமாட்டேன். நீங்க நம்ம ஆளு. சொல்லுங்க, இந்தச் சுவருல ஈரம் உண்டா? நம்ம ஊரு வீடு மாதிரி உப்பு பொரியுமா?”

“ஒண்ணும் இல்ல சிஸ்டர். நல்ல வீடு,” என்றேன்.

வேலை போய்விடும் என்று பயந்து சொன்னதாக வெகுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிகூட உண்மை இல்லை. ஃபோர்மேன் மாடியில் இருந்தார். அவர் காதில் விழ வழியே இல்லை. நான் சின்ன வயதிலிருந்தே பேசக் கூசுகிறவன். ‘உண்டு’ என்று சொன்னால் எங்கே, எவ்வளவு, யார் மறைத்தது என்று அடுத்தடுத்துக் கேள்வி வரும். ‘இல்லை’ என்றால் பேச்சு அதோடு முடிந்துவிடும். ஒரு குழந்தையின் மூச்சைவிட அந்த இரண்டு நிமிடச் சங்கடம் எனக்குப் பெரிதாக இருந்தது. சிஸ்டர் நன்றி சொல்லி, ஏதாவது சின்ன வேலை வந்தால் கூப்பிடுகிறேன் என்று என் நம்பரையும் வாங்கிக்கொண்டார்.

வீட்டை வாங்கிவிட்டார்கள் என்று பிறகு ஃபோர்மேன் சொல்லித்தான் தெரியும். அதன்பின் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் எடுக்கமாட்டேன். ஒருமுறை லீவில் ஊருக்குப் போயிருந்தபோது எங்கள் வீட்டு அடுக்களைச் சுவர் உதிர்ந்திருப்பதை மனைவி காட்டினாள். நான் அந்தப் பக்கமே போகவில்லை. பெயிண்டருக்குச் சொந்த வீட்டில் கை ஓடாதாக்கும் என்று கேலி பண்ணினாள்.

மூன்று வருடம் கழித்து, இந்த வருடம்தான், சிஸ்டர் கூப்பிட்டார். நம்பரைப் பார்க்காமலே எடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை தனியாக வரச் சொன்னார்.

வாசலில் மறுபடியும் விற்பனைப் பலகை நின்றது. சிஸ்டர் மெலிந்திருந்தார். பின்னறைக் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார். கட்டில் இல்லை. மெத்தையைச் சுருட்டி மூலையில் நிறுத்தியிருந்தார்கள். சுவர் நான் பார்த்ததைவிட இன்னும் ஒரு சாண் உயரத்துக்குப் பூத்து உதிர்ந்திருந்தது. மாடியிலிருந்து, மூச்சு இழுக்கும் குழந்தைகளுக்கு மருந்துப் புகை வைக்கிற மெஷினின் சத்தம் விடாமல் கேட்டது.

“நாளைக்கழிச்சு ஆள் பாக்க வாறாங்க. முன்னால அடிச்ச மாதிரியே அடிச்சிருங்கண்ணே,” என்றார்.

மூன்று வருடமாக உள்ளே கிடந்ததை அப்போதுதான் வெளியே எடுத்தேன். “சிஸ்டர், எனக்கு அன்னைக்கே தெரியும்.”

“தெரியும்னு எனக்கும் தெரியும். முதல் வருஷத்துலயே தெரிஞ்சுபோச்சு. அதான் உங்களக் கூப்பிட்டேன். வேற ஆளுன்னா இது எதுக்குன்னு கேப்பான்.”

அவர் குரலில் கோபம்கூட இல்லை. திட்டியிருந்தால் நின்று வாங்கிக்கொண்டிருப்பேன். “வாங்க வாறவங்ககிட்ட உள்ளத சொல்லிரலாமே சிஸ்டர்,” என்றேன், தரையைப் பார்த்துக்கொண்டு.

“சொன்னா யாரு வாங்குவா? எனக்குப் பிள்ளைய இங்கேருந்து தூக்கிட்டுப் போணும். நீங்க சொல்லியிருந்தா நான் இங்க வந்தே இருக்கமாட்டேனே.” கதவுப்பிடியில் கை வைத்தபடி, “நான் இப்படிப்பட்ட ஆளு இல்லண்ணே,” என்றார். அதை என்னிடம் சொன்னாரா, தனக்கே சொன்னாரா தெரியவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார்.

நான் கிளம்பிப் போயிருக்கலாம். போகவில்லை. சுரண்டினேன், சீலர் அடித்தேன், பட்டி பார்த்தேன். மறுநாளும் டியூட்டி முடிந்து போய்க் கடைசிக் கோட் அடித்தேன். முன்பைவிட நன்றாகவே வந்தது.

முடித்து வாளியைக் கழுவிக்கொண்டிருந்தபோது சிஸ்டர் வந்து அறை வாசலில் நின்றார். சுவரைப் பார்த்தார், தொடவில்லை. “எவ்வளவு நாள் தாங்கும்?” என்று கேட்டார்.

“ஏசிய நிறுத்தாம இருந்தா ஆறு மாசம் தாங்கும் சிஸ்டர்,” என்றேன். கேட்ட மாத்திரத்தில், கொஞ்சமும் கூசாமல், உள்ளது உள்ளபடியே சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டார். எனக்கும் உண்மை சொல்லவரும் என்று தெரிந்துகொள்ள அந்த நாள்தானா கிடைத்தது?

வீடு இன்னும் விலைபோகவில்லை. வேலைக்குப் போய்வருகிற வழியில் வண்டி அந்தத் தெரு முனையைத் தாண்டும்போது பலகை நிற்பது தெரிகிறது. ஒரு சாயங்காலம் வாசலில் ஒரு கார் நின்றது. இளம் தம்பதி ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் நிறைமாதமாக இருந்தாள். வண்டியை நிறுத்தச் சொல்ல டிரைவரிடம் வாய் திறந்தேன். “என்ன பாய்?” என்றான். ஒன்றுமில்லை என்றேன்.